ஒரு பக்கமாய்த் தழுவியவர்கள்

முத்துப்பேட்டையில் ஹபீபுன்னிசாவின் தெருவில், பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பிய பிறகுதான் பெண்களுக்குப் பெருநாள் ஆரம்பமாகும். புதுச் சேலையின் மொடமொடப்போடு வீடு வீடாகப் போவார்கள். ஸலாம் சொல்லி, ஒருத்தியை ஒருத்தி மூன்று முறை தோள் மாற்றித் தழுவிக்கொள்வார்கள். இடது, வலது, மறுபடி இடது. ஒரு வருஷத்து மனத்தாங்கல் எல்லாம் அந்த மூன்றாவது தழுவலோடு தீர்ந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஹபீபுன்னிசாவுக்கு மட்டும் சில வருஷங்களாக இந்தக் கணக்கு வேறாக இருந்தது. அவளிடம் வருகிறவர்கள் ஒரே முறைதான் தழுவினார்கள். அதுவும் வலது பக்கமாக, கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் வாங்குகிறவர்கள் மாதிரி. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. கணவர் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் சொந்தமாக மளிகைக் கடை வைத்ததிலிருந்து தெருவே தன்னிடம் மரியாதையாக ஓரடி தள்ளி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. வெளியே சொல்ல முடியாத ஒரு பெருமையும் இருந்தது.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த தஹ்மீனாவுக்கு இதெல்லாம் தெரியாது. சீர்காழிப் பெண். அப்போதுதான் எதிர்வீட்டுக்கு மருமகளாக வந்திருந்தாள். வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தவள், "அஸ்ஸலாமு அலைக்கும் மாமி" என்று சொல்லி, கையில் வட்டலப்பத் தட்டோடு நின்ற ஹபீபுன்னிசாவை இடது பக்கமாக இழுத்து இறுக அணைத்தாள்.

தட்டு தரையில் விழுந்து உடைந்த சத்தம் ஹபீபுன்னிசாவுக்குக் கேட்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த சத்தம்தான் கேட்டது. அது ஆட்டின் சத்தம் போல இருந்தது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எல்லோரும் நஜ்மாவைப் பார்த்தார்கள். நஜ்மா ஹபீபுன்னிசாவின் அக்கா. உம்மா வழி வந்த அந்த வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, ஒரு பாதியில் அவளும் மறு பாதியில் இவளும் இருந்தார்கள்.

"கேஸுதான்," என்றாள் நஜ்மா. "காலைலேருந்து வெறும் வயித்தோட நிக்கிறா. சொன்னா கேட்டாத்தானே."

"கேஸுக்கா மாமி இப்புடிக் கத்துவாங்க? நான் எலும்ப முறிச்சிட்டேன்னுல்ல நெனச்சேன்," என்றாள் தஹ்மீனா. முகம் வெளுத்திருந்தது.

"ஒங்க சீர்காழியில நெல்லு மூட்டயத் தூக்குற மாதிரிதான் கட்டிப் புடிப்பீங்களோ?" என்று மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு விநாடி தாமதமாக வந்தது. அதையும் ஹபீபுன்னிசா கவனித்தாள். ஆனால் அப்போது அவளுக்கு மூச்சு விடுவதே பெரிய வேலையாக இருந்தது.

வலி புதிதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடது மார்பில் ஆபரேஷன் நடந்தது. சின்னக் கட்டி, சாதாக் கட்டி, எடுத்துவிட்டால் போச்சு என்று நஜ்மா சொன்னாள். ஜாஃபர் சாதிக் லீவு போட்டு வந்து, இங்கிலீஷ் தாள்களில் எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். அவள் போட்டாள். கட்டைப் பிரித்தபோது எல்லாம் இருந்தது இருந்தபடியே இருந்தது. அடி மடிப்பில் ஒரு கோடு மட்டும் கூடுதல். "பழைய மாதிரியே இருக்கு பாத்தீங்களாம்மா" என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார். கட்டியைத்தானே எடுத்தார், வேறு எப்படி இருக்கும் என்று அவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்து சில மாதத்தில் இறுக்கம் தொடங்கியது. ஈரச் சேலையை முறுக்கிப் பிழிவது போல உள்ளே யாரோ பிழிந்தார்கள். பிறகு குத்தல். இடது பக்கமாய்ப் படுக்க முடியாது. பரணில் இருக்கும் டப்பாவை எட்ட முடியாது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் கண்ணில் நீர் முட்டும். விசித்திரம் என்னவென்றால், குளிக்கும்போது வெந்நீர் அந்த இடத்தில் விழுவதே தெரியாது. மேலே மரத்துக் கிடந்தது. அடியில் எரிந்தது. தொட்டால் தோலுக்குக் கீழே கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தது போலக் கெட்டியாக இருந்தது. "ஆபரேஷன் பண்ண எடம் அப்புடித்தான் இருக்கும், நரம்பு" என்றாள் நஜ்மா.

பட்டுக்கோட்டையில் இதய டாக்டரைப் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. தோளுக்கு எலும்பு டாக்டர், வயிற்றுக்கு இன்னொரு டாக்டர். ஓதி ஊதிய தண்ணீரும் குடித்தாயிற்று. எங்கே போனாலும் நஜ்மாதான் டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவாள். நோயாளி வாய் திறப்பதில்லை, கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். புர்கா போட்ட பெண்ணிடம் எந்த டாக்டரும் ரொம்பத் துருவிக் கேட்கவும் மாட்டார். துணிக்கு மேலேயே குழாயை வைத்துப் பார்த்து மாத்திரை எழுதுவார். சென்னை ஆபரேஷனைப் பற்றி நஜ்மா ஒரு இடத்திலும் சொன்னதில்லை. சாதாக் கட்டிதானே, அதைப் போய் என்ன சொல்வது என்று ஹபீபுன்னிசாவும் இருந்துவிட்டாள்.

வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே கூச்சமாகிப் போனது. சொல்லுவதைக் குறைத்தாள். கணவர் போனில் கேட்டால், "பரவால்ல மச்சான், நேத்திக்கி இன்னிக்கி தேவல" என்பாள்.

பெருநாள் கழிந்து மறுவாரம் இர்ஃபானாவுக்குக் கல்லூரி திறந்தது. இர்ஃபானா அவளுடைய ஒரே மகள். தஞ்சாவூரில் ஹாஸ்டலில் இருந்து இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளைக் கொண்டுபோய் விட நஜ்மாவும் வருவதாகத்தான் பேச்சு. ஆனால் அன்று விடியற்காலையில் பட்டுக்கோட்டையில் நஜ்மாவின் நாத்தனார் வீட்டில் ஒரு மௌத்து. துக்கம் கேட்க நஜ்மா அங்கே போக வேண்டியதாகிவிட்டது.

"நல்லதுதான்," என்றாள் இர்ஃபானா, காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டே.

"மௌத்து வீட்ட நல்லதுங்கிறியே, வாயப் பாரு."

"அதச் சொல்லல உம்மா. பெரியம்மா வரலைன்னா நல்லதுன்னேன்."

காரை ஓட்டியவன் வைரக்கண்ணு. அவர்கள் குடும்பத்துக்கு எங்கே போகவேண்டுமென்றாலும் அவன்தான் வருவான். ஒரத்தநாடு தாண்டியதும் புது ஆற்றுப் பாலத்தில் கூட்டம் நிற்பதைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினான்.

"தண்ணி வந்துருச்சு போலக்கா. கல்லணையத் தொறந்து நாலு நாளாச்சு. நமக்கு எப்ப வருமோ. ஒரு நிமிசம் நிறுத்திப் பாத்துட்டுப் போவட்டா?"

"நீ தண்ணியப் பாத்து என்னா செய்யப் போற? நெலமா வச்சிருக்க?"

"நெலம் இருக்கிறவன் கவலப்பட்டுக்கிட்டே பாப்பான்க்கா. நான் நிம்மதியாப் பாப்பேன்," என்றான் வைரக்கண்ணு. ஹபீபுன்னிசா சிரித்தாள். சிரித்தபோது குத்தியது. கை தானாக மார்புக்குப் போனது. கண்ணாடி வழியே மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாஸ்டல் வாசலில் இர்ஃபானா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, மெடிக்கல் காலேஜ் ரோட்டுல ஒரு ஸ்கேன் சென்டர் இருக்கு. லேடி டாக்டர். ஒங்க பேர்ல அப்பாயிண்ட்மெண்ட் வாங்கியிருக்கேன். மாருக்கு ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லியிருக்கேன்."

"மாருக்கு எதுக்கு? வலி நெஞ்சுல."

"எங்க வலிக்கிதுன்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நீங்க மட்டும் போங்க. பெரியம்மாவுக்குப் போன் பண்ணாதீங்க."

"நீயும் வாயேன்."

"எனக்குக் கிளாஸ் இருக்கு," என்றாள் இர்ஃபானா. திரும்பி உள்ளே நடந்தாள். முதல் நாள், அதுவும் மத்தியானத்தில், என்ன கிளாஸ் என்று ஹபீபுன்னிசாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டரின் பெயர் குந்தவை. முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டிலில் படுக்கச் சொல்லி, குளிர்ந்த பசையைத் தடவி, முதலில் வலது பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கருவியை இடது பக்கம் கொண்டுவந்தாள். அழுத்தியபோது ஹபீபுன்னிசா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"இல்ல டாக்டர். பழகிருச்சு."

"இவ்ளோ இறுகியிருக்கே, வலிக்காம இருக்குமா? இம்ப்ளாண்ட் எப்ப வெச்சீங்க?"

"என்ன வெச்சது?"

"உள்ள வெச்சிருக்கிறது. எந்த வருஷம்?"

"எனக்கு ஒண்ணும் வெக்கல டாக்டர். ஒரு கட்டி இருந்துச்சு, எடுத்தாங்க. மெட்ராஸ்ல."

கருவி அசையாமல் நின்றது. டாக்டர் திரையைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?"

அந்தக் கேள்வியை ஹபீபுன்னிசாவுக்குத் தெரியும். நோயில் கிடந்த தன் உம்மாவை அழைத்துக்கொண்டு போன ஒவ்வோர் இடத்திலும் கேட்ட கேள்வி. அது கேட்கப்பட்டவுடன் உம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் உள்ளே போவார்கள். உம்மா தன்னுடைய புர்காவின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

"யாரும் வரல," என்றாள். "வண்டி ஓட்டுற தம்பிதான் இருக்கு. அவன்கிட்டயா சொல்லப் போறீங்க? என்கிட்டயே சொல்லுங்க."

டாக்டர் குந்தவை திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இது ஒங்க வலது பக்கம். இந்த வெள்ளை வெள்ளையா, அல அலையாத் தெரியுதே, இதெல்லாம் ஒங்க சதை." பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். "இது இடது பக்கம்."

இடது பக்கத்தில் அலை இல்லை. மழை இல்லாத ராத்திரியில் கிணற்றை எட்டிப் பார்த்தது போல ஒரே கருப்பு. அந்தக் கருப்பைச் சுற்றி ஒரு தடித்த வெள்ளைக் கோடு. கோடு ஓரிடத்தில் சுருங்கி மடிந்திருந்தது.

"இதுல ஒங்க சதை இல்லம்மா. உள்ள இருந்தது முழுசா எடுத்திருக்காங்க. தோல மட்டும் அப்புடியே விட்டுட்டு, அதுக்குள்ள சிலிகான் பை ஒண்ணு வெச்சிருக்காங்க. பையச் சுத்தி ஒங்க ஒடம்பு ஒரு சுவரு கட்டியிருக்கு. எல்லாருக்கும் கட்டும். ஒங்களுக்கு அது இறுகிப் போச்சு. அந்த இறுக்கம்தான் வலிக்குது. கேஸ் இல்ல, இதயம் இல்ல."

ஹபீபுன்னிசா அந்தக் கருப்பைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் தோன்றியது, இது வேறு யாருடைய படமோ என்பதுதான். இன்னொரு ஹபீபுன்னிசா இருக்கலாம். தஞ்சாவூர் பெரிய ஊர்.

"முழு மாரையும் எதுக்கு எடுப்பாங்க?" என்று கேட்டாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

டாக்டர், "ராத்திரில மாத்திர ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள்.

"வைட்டமின். எங்க லாத்தா, அதான் அக்கா, டப்பாவுல போட்டுத் தரும்."

"அட்டையோட இல்லாம, தனியா?"

"ஆமா."

"பேர் தெரியாம நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா இந்த மாதிரி ஆபரேஷன் பெரும்பாலும் கேன்சருக்காகத்தான் பண்ணுவாங்க. இப்ப ரெண்டு பக்கமும் பாத்துட்டேன், அக்குளும் பாத்துட்டேன். சந்தேகப்படுற மாதிரி எதுவும் தெரியல. அத மனசுல வெச்சுக்கங்க."

ஹபீபுன்னிசா எழுந்து உட்கார்ந்தாள். டாக்டர் கொடுத்த காகிதத்தால் பசையைத் துடைத்தாள். வலது பக்கத்தை வேகமாகத் துடைத்தாள். இடது பக்கத்தை மெதுவாக, யாருடைய பொருளையோ துடைப்பது போலத் துடைத்தாள். மூன்று வருஷம் அதற்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறாள். அதற்கு அளவு பார்த்து ரவிக்கை தைத்திருக்கிறாள். லீவில் வந்த கணவர் அந்தப் பக்கம் கையே வைக்காததைப் பார்த்து, நம் வலிக்கு இந்த மனுஷன் இவ்வளவு இரங்குகிறாரே என்று இருட்டில் கண் கலங்கியிருக்கிறாள்.

கார் தஞ்சாவூரைத் தாண்டியது. வைரக்கண்ணு பாட்டைப் போட்டான். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"வைரக்கண்ணு."

"சொல்லுங்கக்கா."

"எனக்கு மெட்ராஸ்ல என்ன ஆபரேஷன் நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது.

"நான் வண்டி ஓட்டுறவன்க்கா. எனக்கு என்னா தெரியும்."

"தெரியுமா, தெரியாதா?"

அவன் வெகு நேரம் ரோட்டையே பார்த்தான். ரோட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் குறுவைக்கு உழுது போட்ட வயல்கள், தண்ணீருக்குக் காத்துக்கொண்டு.

"தெரியும்க்கா," என்றான். "ஊருல எல்லாருக்கும் தெரியும். ஒங்ககிட்ட மட்டும் சொல்லிறக் கூடாதுன்னு நஜ்மாக்கா எல்லாரையும் கேட்டுக்கிட்டாங்க. எங்க வீட்ல ஒங்களுக்காக மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு விளக்கு போட்டுச்சு. நீங்க நல்லாயிட்டீங்கன்னு சந்தோசப்பட்டோம்."

புது ஆற்றுப் பாலம் வந்தது. கூட்டம் கலைந்திருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில், சருகுகளையும் ஒற்றைச் செருப்பையும் தூக்கிக்கொண்டு போனது. நிறுத்தட்டுமா என்று அவன் கேட்கவில்லை. ஹபீபுன்னிசாவுக்கு அப்போதுதான் அந்தத் தழுவல்கள் நினைவுக்கு வந்தன. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், கல்யாண வீடு, பிள்ளைக்குப் பேர் வைத்த வீடு. எத்தனை பெண்கள். எல்லோரும் வலது பக்கமாக, ஒரே ஒரு முறை. யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? இந்தப் பக்கம் தொடாதே, அந்தப் பக்கம் தொடு என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார்கள். தெருவே கூடி ஒத்திகை பார்த்திருக்கிறது. அவள் அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

அந்தப் பெருமையை நினைத்தபோதுதான் அவளுக்கு முகம் எரிந்தது. புற்றுநோய் என்று கேட்டபோதுகூட அப்படி எரியவில்லை.

மகளுக்குப் போன் போட்டாள். இர்ஃபானா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஒனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"போன வருஷம். கிளாஸ்ல நம்ம ஊருப் புள்ள ஒண்ணு, ஒங்க உம்மாவுக்கு இப்ப எப்புடி இருக்குன்னு கேட்டுச்சு." மகள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்குச் சொல்ல பயமா இருந்துச்சு உம்மா. மெஷின் சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது சாயங்கால அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அடுப்படிகளுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்துகொண்டு போனாள். நஜ்மா மௌத்து வீட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? புள்ள அழுதுச்சா? சோறு போடவா?"

"என் மாரு எங்க லாத்தா?"

நஜ்மாவின் கையிலிருந்த வெங்காயம் உருண்டு அம்மிக்கு அடியில் போனது. இருவரும் அது உருண்டு நிற்கும் வரை பார்த்தார்கள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் கேக்குறேன். ஊரே பேசியிருக்கு, என்கிட்ட யாரும் சொல்லல."

"உம்மாவுக்கு வந்தப்ப நீ எப்புடிக் கெடந்தே," என்றாள் நஜ்மா. "சோறு இல்ல, பேச்சு இல்ல. ஆறு மாசம். கெணத்தடிலேருந்து ஒன்ன இழுத்துட்டு வந்தவ நான். ஒனக்கும் அதே எழவுதான்னு அந்த டாக்டர் சொன்னப்ப, அல்லா அறிய, நான் ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். இவளுக்குத் தாங்காது."

"வலி தாங்கிச்சே. மூணு வருசம். அப்ப ஒண்ணும் தோணலயா?"

"சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்."

"பட்டுக்கோட்ட டாக்டருகிட்ட, தோளு டாக்டருகிட்ட, பக்கத்துலயே உக்காந்து கேஸு கேஸுன்னியே. நான் துடிச்சப்ப நீ தைலம் தேச்சு விட்டியே. எது மேல தேய்க்கிறோம்னு தெரிஞ்சேதானே தேச்சே?"

அக்காவை நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கேட்டார்கள்.

நஜ்மா போனை எடுத்து ஜாஃபர் சாதிக்கைக் கூப்பிட்டாள். அவர் கடையில் இருந்தார். பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. திரையில் ஹபீபுன்னிசாவின் முகத்தைப் பார்த்ததும், யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் கையைக் காட்டிவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"ஹபீபு. நான் சொல்றதக் கேளு."

"ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க மச்சான். எடுக்கணும்னா எடுத்திருக்கலாம். இத எதுக்கு உள்ள வெச்சீங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "டாக்டரு ரெண்டு வழி சொன்னாரு. எடுத்துட்டு அப்புடியே விடலாம், இல்லேன்னா உள்ள பை வெச்சு சரி பண்ணலாம்னு. அப்புடியே விட்டா நீ பாத்துருவ. என்னான்னு கேப்ப. வெச்சா கேக்க மாட்ட. அதான்."

ஹபீபுன்னிசா காத்திருந்தாள். வேறு ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள். உன் அழகு குறையக் கூடாது, நீ மனசு உடையக் கூடாது, எனக்குப் பழையபடி வேண்டும், எதையாவது. எதைச் சொன்னாலும் சண்டை போடலாம், அழலாம். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்காமல் இருப்பதற்காக அது வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான்.

"டாக்டரு எனக்குத் தெரியும்னு நெனச்சாரா?"

"சொல்லிட்டோம்னு சொன்னோம்," என்றார் ஜாஃபர் சாதிக். கண்களைத் துடைத்துக்கொண்டார். "நீ உசுரோட இருக்கியே ஹபீபு. அது போதும்னு இருந்தேன்."

அந்த அழுகை உண்மையானது என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை இன்னும் திகைக்க வைத்தது. இத்தனை பேரும் அவள்மீது உண்மையாகவே பிரியம் வைத்திருந்தார்கள்.

மறுநாள் அந்த டப்பாவின் மாத்திரையை நிறுத்தவில்லை. நஜ்மாவிடம் அதன் அட்டையை வாங்கி, வைட்டமின் இல்லாத அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் குந்தவை சொன்ன அறுவை மருத்துவரிடம் போனார்கள். பெயர் தியாகேசன். நஜ்மாவும் கூட வந்தாள். வர வேண்டாம் என்று ஹபீபுன்னிசா சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் இருவரும் சமைத்ததைக் கதவு வழியாக மாற்றிக்கொண்டார்கள். பேச்சு மட்டும் கதவைத் தாண்டவில்லை.

தியாகேசன் ரிப்போர்ட்டைப் பார்த்தார், நர்ஸை வைத்துக்கொண்டு பரிசோதித்தார். பையையும் அதைச் சுற்றிய சுவரையும் எடுத்துவிடலாம் என்றார். இறுக்கத்தின் வலி பெரும்பாலும் போய்விடும், நரம்பு வலி கொஞ்சம் தங்கிவிடலாம், முழுக்கப் போகும் என்று சத்தியம் பண்ண முடியாது என்றார். ஹபீபுன்னிசாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்திருந்தது.

"எடுத்த பிறகு, புதுசு ஒண்ணு வெக்கணுமா, இல்ல தட்டையா விட்றலாமா? எது வேணாலும் பண்ணலாம்," என்றார். கேட்கும்போது அவர் நஜ்மாவைப் பார்த்துக் கேட்டார். பெரியவள் அவள்தானே.

"புதுசே வெச்சிருங்க டாக்டர்," என்றாள் நஜ்மா. "வெளிய தெரியாம இருக்கும். அவளுக்குப் பாத்தா—"

"லாத்தா," என்றாள் ஹபீபுன்னிசா. "நீங்க கொஞ்சம் வெளிய உக்காந்திருங்க."

நஜ்மா எழுந்திருக்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு முழுவதும் மூடவில்லை. வெளியே பெஞ்சில் அவள் உட்காருவதும், புர்காவின் ஓரத்தை விரலில் சுற்றுவதும் இடுக்கு வழியே தெரிந்தது.

"அது எப்புடி இருக்கும், காட்டுங்க," என்றாள் ஹபீபுன்னிசா.

மருத்துவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் கல்லை எதிர்பார்த்திருந்தாள். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த அந்தக் கொட்டாங்கச்சியை எதிர்பார்த்திருந்தாள். கையில் இருந்ததோ நொங்கைப் போல வழுவழுவென்று, அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெல்ல எழும்பியது. கையின் சூடு ஏற ஏற அதுவும் சூடானது.

"இவ்ளோ மெதுவாவா இருக்கு?"

"பை மெதுவாத்தாம்மா இருக்கும். அதச் சுத்தி வளந்ததுதான் கெட்டி."

அவள் அதைச் சிறிது நேரம் வைத்திருந்தாள். அவளுக்கு அதன்மேல் கோபமே வரவில்லை. திருப்பிக் கொடுத்தாள்.

"எடுத்துருங்க. வேற வேணாம்."

"வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"சொல்லிருவேன்," என்றாள் ஹபீபுன்னிசா. "நானே சொல்லிருவேன்."

வெளியே வந்தபோது நஜ்மா எழுந்து நின்றாள். மடியில் வைத்திருந்த பை நழுவியது. அதை எடுக்கக் குனிந்து, எடுக்காமலே நிமிர்ந்தாள். உள்ளே பேசியது தெரியாமல் வெளியே காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"தட்டையா விடச் சொல்லிட்டேன்," என்றாள் ஹபீபுன்னிசா.

நஜ்மா தலையை ஆட்டினாள். பிறகு கைகளை நீட்டி, வழக்கப்படி வலது பக்கமாகத் தங்கையை அணைக்க வந்தாள். ஹபீபுன்னிசா ஓர் அடி நகர்ந்து இடது பக்கத்தைக் கொடுத்தாள். நஜ்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கந்தான்."

நஜ்மா தொட்டாள். பிறகு அணைத்தாள். ஹபீபுன்னிசாவின் உடம்பு முழுவதும் விறைத்தது. நடையில் மருந்துச் சீட்டோடு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"வலிக்குதாடி?" என்றாள் நஜ்மா, அவள் தோளுக்குள்.

"வலிக்குது."

"ரொம்பவா?"

"ரொம்ப வலிக்குது லாத்தா. மூணு வருசமா இப்புடித்தான் வலிக்குது."

நஜ்மா பிடியை மட்டும் தளர்த்தினாள். முழுவதும் விட்டுவிடவில்லை.